கேற்றுக்கு உள்ளே வாத்து, வெளியே பொன்னுருக்கல்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் முட்டையில் வைரஸை எப்படி வளர்ப்பது, எந்தக் கரைசலை எவ்வளவு விடுவது என்றெல்லாம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் வேலை செய்த காலத்துச் சாமான்களைப் பார்த்தால் சிரிப்பீர்கள். நான் எழுத விரும்புவது வேறொன்றைப் பற்றி. ஒரு முடிவு உங்கள் கண்ணில் படுகிறது. அதை வாய் திறந்து ஒருவருக்குச் சொல்கிறீர்கள். இரண்டுக்கும் இடையில் கொஞ்ச நேரம் இருக்கிறது பாருங்கள், அந்த நேரத்தைப் பற்றி. என் உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்ததெல்லாம் அந்த இடைவெளியில்தான். சொதப்பியதும் அங்கேதான்.

எண்பதுகளின் நடுவில் லண்டனில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் பறவைக் காய்ச்சல் பிரிவில் சேர்ந்தேன். அந்த வேலையை வீட்டாருக்கு விளங்கப்படுத்துவதே பெரும்பாடு. மோர்டனில் இருந்த என் பெரியம்மா எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. “பிள்ளை ஆராய்ச்சி செய்யுது” என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். பெண் பார்க்க வந்த ஆட்களில் ஒருவர் விடாமல் கேட்டார்.

“என்ன ஆராய்ச்சி?”

“காட்டுத் தாராக்களுக்கு வாற காய்ச்சல்.”

“தாராவிலை எந்தப் பகுதி?”

“பின்பகுதி.”

நான் பொய் சொல்லவில்லை. அந்த வைரஸ் தாரா என்கிற நீர்ப்பறவையின் குடலில்தான் குடியிருக்கிறது. பஞ்சு சுற்றிய குச்சியை அந்த வழியாகத்தான் விட்டு எடுக்க வேண்டும். அந்தச் சம்பந்தம் அன்றைக்கே முறிந்தது. பெரியம்மா என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

முதல் குளிர்காலத்தில் ஒரு பூங்காக் குளத்தடியில் தாராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாராக்களுக்குப் பாண் துண்டு போட வந்த ஆங்கிலக் கிழவி ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டுப் பொலிசைக் கூப்பிட்டுவிட்டாள். வந்த பொலிஸ்காரர் மிக மரியாதையாக, “அம்மணி, இது இரவுச் சாப்பாட்டுக்கா?” என்று கேட்டார். அனுமதிக் கடிதமோ என் மேசை லாச்சிக்குள் பத்திரமாக இருந்தது. அன்றிலிருந்து பறவையைப் பிடிப்பதற்கு முன்பு அங்கே நிற்கிற மனிதர்களோடு நாலு வார்த்தை கதைத்துவிடுவேன். நீங்களும் கதையுங்கள்.

இனி நான் சொல்ல வந்த கதை. இது தொண்ணூறுகளில் நடந்தது.

கிழக்கு லண்டனில் கால்வாய்க் கரையோரம் ஒரு நகரப் பண்ணை இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடு, கோழி பார்க்க வருகிற சின்னப் பண்ணை. அங்கே கோழிகளோடு ஒரு கூட்டம் பெரிய வெள்ளை வாத்துகளும் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவர் கனகு அண்ணை. யாழ்ப்பாணத்தில் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர், எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்தார். கிடைத்த வேலை இதுதான். முதல்நாளே ஒரு வாத்து அவரைத் தொடையில் கடித்தது. “அண்டைக்குத்தான் லண்டனிலை ஒரு சீவன் என்னைக் கவனிச்சது” என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு அந்த வாத்துகள்மேல் அவருக்கு அப்படி ஒரு உயிர். குஞ்சு பொரித்தால் எனக்குப் போன் வரும். ஒன்று நொண்டினாலும் போன் வரும்.

காட்டுப் பறவைகளிலிருந்து வளர்ப்புப் பறவைகளுக்கு என்ன தொற்றுகிறது என்று அறிய நாங்கள் அந்தப் பண்ணையில் இரத்தம் எடுத்திருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை காலை அதைச் சோதித்தேன்.

சோதனை சுலபமானது. தட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள். வைரஸ், வாத்தின் இரத்தநீர், சேவல் இரத்தத்தின் சிவப்பணுக்களான செங்கலங்கள் மூன்றையும் அதில் சேர்ப்போம். செங்கலங்கள் குழி முழுக்கப் பாய்போல விரிந்து கிடந்தால் அந்த வாத்து அந்த வைரஸை முன்பு சந்தித்ததில்லை. அடியில் சிவப்புப் பொட்டாகக் கூடிக் கிடந்தால் சந்தித்திருக்கிறது. அன்று நான் பார்த்த வைரஸ் எச்-5. பறவைக் காய்ச்சலில் பலவகை உண்டு. அவற்றில் எச்-5, எச்-7 என்ற இரண்டின் பெயரைக் கேட்டால்தான் அரசாங்கம் எழும்பி நிற்கும். அவை திடீரென்று கொடிதாக மாறி ஊர்க் கோழியையெல்லாம் வாரிக்கொண்டு போகக்கூடியவை.

கோழிகளின் குழிகளெல்லாம் பாய். வாத்துகளின் குழிகளெல்லாம் பொட்டு.

எங்கள் தலைவி வேல்ஸ் நாட்டுக்காரி, இப்படியான நேரத்தில் பாறை மாதிரி நிற்பவர். அவரோ விடுமுறையில் எங்கோ மலையேறிக்கொண்டிருந்தார். அப்போது கைபேசி ஏது? கூடத்தில் இருந்தவர்களில் மூத்தவள் நான்தான்.

அந்த நேரம் பார்த்து அரசாங்கக் கால்நடைப் பிரிவிலிருந்து டொக்டர் சுந்தரம் வந்து சேர்ந்தார். நாமக்கல்காரர், கோழிகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட இளையவர், கெட்டிக்காரர், நல்ல மனிதர். தட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“அக்கா, எச்-5 தானே இது?”

“எச்-5 மாதிரித் தெரியுது.”

“சாயங்காலத்துக்குள்ள மேலிடத்துக்கு நான் சொல்லியாகணும். ஆமாவா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“தெரியாது எண்டு சொல்லுங்கோ.”

“தெரியாதுன்னா ஆமான்னுதான் அவங்க எடுத்துப்பாங்க. பண்ணையில ஒரு பறவைகூட மிஞ்சாது.”

அதுதான் பிரச்சினை. ஆம் என்றால் கனகு அண்ணையின் வாத்து, கோழி எல்லாவற்றையும் கொன்று புதைப்பார்கள். இல்லை என்று சொல்லி அது பிழையாகப் போனால் நோய் அந்தக் கேற்றைத் தாண்டி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்தநாள் பண்ணையில் திறந்த நாள் வேறு. நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் வருவார்கள்.

நான் கதிரையை இழுத்துப்போட்டு அந்தத் தட்டின் முன்னால் இருந்தேன். ஏதோ ஒன்று பொருந்தவில்லை. வாத்தும் கோழியும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிப்பவை. வாத்துகள் எல்லாவற்றுக்கும் எச்-5 வந்து போயிருந்தால் கோழி ஒன்றுக்குக்கூடத் தொற்றாமல் இருக்குமா? பொட்டுகளும் கொஞ்சம் மங்கல்தான். அப்போதுதான் அந்த வைரஸின் இரண்டாவது முள் ஞாபகம் வந்தது.

இதை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். இந்த வைரஸின் உடம்பில் இரண்டு வகை முட்கள் உண்டு. எச் (H) ஒன்று, என் (N) ஒன்று. எங்கள் சோதனை எச் முள்ளைத்தான் பார்க்கிறது. வாத்துகளுக்கு முன்பு, கோழிகளுக்குத் தொற்றாத வேறு ஏதோ சாதுவான காய்ச்சல் வந்து, அந்த வைரஸின் என் முள்ளும் எங்கள் சோதனை வைரஸின் என் முள்ளும் ஒன்றாக இருந்தால் என்ன நடக்கும்? வாத்தின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் அந்த ‘என்’ முள்ளில் போய் ஒட்டிக்கொண்டு பக்கத்திலிருக்கும் எச் முள்ளையும் மறித்துவிடும். சனிக்கிழமை ஈஸ்ட் ஹாமில் கார் விடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் கதை. அவன் வந்தது பக்கத்து வீட்டுக்கு. ஆனால் உங்கள் கார்தான் வெளியே வர முடியாமல் நிற்கும். தட்டில் அது எச்-5 போலவே தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க வழி ஒன்றுதான். எச் முள் அதே எச்-5 ஆகவும் என் முள் வேறாகவும் உள்ள இன்னொரு வைரஸை வைத்துச் சோதிக்க வேண்டும். அது எங்களிடம் இல்லை. லண்டனுக்கு வெளியே இன்னொரு ஆய்வுகூடத்தில் என் சிநேகிதி ஒருத்தியிடம் இருந்தது.

சுந்தரம் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். பிறகு தன் மேலதிகாரிக்குப் போன் போட்டு, கெஞ்சாத குறையாகக் கதைத்தார். சனிக்கிழமை நண்பகல் வரை தவணை கிடைத்தது. அதற்குள் தெளிவான பதில் வராவிட்டால் கொல்லும் குழு புறப்பட்டுவிடும்.

“வாங்கக்கா, என் கார்லயே போயிட்டு வந்திடலாம்.”

போகிற வழியில் பண்ணைக்குப் போனோம். நான் கேற்றுக்கு வெளியே நின்றேன், கனகு அண்ணை உள்ளே நின்றார். அன்று மற்றவர்கள் வேலை முடிந்து போய்விட்டார்கள். நான் அவரிடம் எச்-5 என்ற பெயரை எடுக்கவில்லை. இதைக் கவனியுங்கள் பிள்ளைகள். கேற்றைப் பூட்டினால் நாளைக்குத் திறக்கலாம், அதனால் அதை உடனே செய்தேன். அந்தப் பெயர் வாயை விட்டுப் போனால் திருப்பி எடுக்க முடியாது. மாலைக்குள் அது ஈஸ்ட் ஹாம் கடைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும்.

“அண்ணை, இரத்தத்திலை ஒரு சந்தேகம். நாளைக்குத் திறந்த நாள் வேண்டாம். உள்ளை இருக்கிற ஒண்டும் வெளியிலை வரப்படாது. பறவை, முட்டை, சப்பாத்து, ஒண்டும்.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “என்ரை வாத்துகளைக் கொல்லப் போறியளோ தங்கச்சி?”

“எனக்கு இன்னும் தெரியாது அண்ணை.”

“அப்ப நானும் வெளியிலை போகப்படாதோ?”

“நீங்கள் உடுப்பை மாத்தி, கை காலைக் கழுவிப்போட்டுப் போகலாம்.”

“கழுவினாப் போதும் எண்டு வடிவா, நிச்சயமாத் தெரியுமோ?”

கழுவினால் போதும் என்றுதான் விதி சொல்கிறது. ஆனால் அவர் கேட்டது விதியை அல்ல, என்னை. நான் தயங்கியதைப் பார்த்தார்.

“சரி, அப்ப நான் இஞ்சையே நிக்கிறன். குடிலுக்குள்ளை கட்டில் கிடக்கு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இருந்தது, அது எனக்கு அடுத்தநாள்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை வெளிவட்டச் சாலையில் கார் ஓட்டிய எவருக்கும் எங்கள் பயணத்தை விவரிக்கத் தேவையில்லை. நெரிசலில் நின்ற நேரமெல்லாம் சுந்தரம் எங்கள் தமிழைப் பிடித்துக்கொண்டார்.

“அதென்னக்கா தாரா, வாத்து? எல்லாம் வாத்துதானே?”

“சின்னது தாரா, பெரிசு வாத்து. பறவை டொக்டருக்கு இது தெரியேல்லையே?”

“எங்க ஊர்ல கோழிக்குத்தான் மரியாதை. மத்ததெல்லாம் வாத்துதான்.”

சிநேகிதி ஐஸ் பெட்டிக்குள் வைத்துத் தந்த சின்னக் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் சுந்தரத்தை ஏசினேன்.

சனிக்கிழமை விடிந்ததும் இருவரும் கூடத்தில் நின்றோம். புதிய வைரஸை வைத்துச் சோதித்து, தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். வாத்துகளின் குழிகளெல்லாம் பாய். ஒரு பொட்டுக்கூட இல்லை. எச்-5 இல்லவே இல்லை. சுந்தரம் அந்தக் கூடத்தில் ஒரு சின்ன ஆட்டம் ஆடினார். நானும் ஆடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் ரெலிபோனை எடுத்து இலக்கத்தைச் சுழற்றத் தொடங்கினார். என் கை தானாகப் போய் அதை அமுக்கியது.

“என்னக்கா?”

“நேற்று கெட்ட முடிவு வந்தது. நாங்கள் நம்பேல்லை. காரணம் தேடி ஊர் சுத்தினனாங்கள். இண்டைக்கு நல்ல முடிவு வந்திருக்கு. ஒருதரம் பாத்தோடை நம்பிட்டம். ஏன்?”

“நல்லதுதானேக்கா, அதான்.”

“அதுதான் எனக்குப் பயமாயிருக்கு.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னொரு தடவை பண்ணினா பன்னெண்டு மணியைத் தொட்டுடும். எங்கேயாவது தடங்கல் வந்தா? குழு கிளம்பிடும்க்கா.”

அவர் சொன்னது சரி. திரும்பச் சோதித்து நேரம் தப்பினால் நோயில்லாத பறவைகள் சாகும். திரும்பச் சோதிக்காமல், குப்பியிலேயே பிழை இருந்தால், நான் என் ஆசையை முடிவென்று எழுதிக் கொடுத்தவளாவேன். யோசித்துக்கொண்டு நிற்கையில் ரெலிபோன் அடித்தது. கனகு அண்ணையின் மனைவி மலர் அக்கா. பண்ணைக்குப் பக்கத்துப் போன் பெட்டியிலிருந்து கதைத்தார்.

“தங்கச்சி, இவரை ஒருக்கா வெளியிலை விடுமன். இண்டைக்கு மகனுக்குப் பொன்னுருக்கல். பன்னிரண்டரைக்கு நல்ல நேரம் முடியுது. வீட்டிலை சனம் காத்துக்கொண்டிருந்தது. மனிசன் வரமாட்டன் எண்டு நிக்கிறார். இப்ப ஆசாரியையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் கேற்றடிக்கு வந்திட்டம்.”

பொன்னுருக்கல் என்றால் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குரிய பொன்னைப் பெற்றோர் தங்கள் கையால் ஆசாரியிடம் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதை நல்ல நேரத்தில் உருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அந்த மனிதர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இளகியிருப்பேன், அவருக்கும் அது தெரியும்.

நல்ல முடிவு என் கண்ணெதிரே தட்டில் கிடந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“அக்கா, இன்னும் வடிவாத் தெரியாது. கொஞ்சம் பொறுங்கோ.”

“உமக்கென்ன, உம்மடை வீட்டுக் கலியாணமே?” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. சுந்தரம் கையுறையைப் போட்டுக்கொண்டார்.

இரண்டாம்தரம் வேறுமாதிரிச் செய்தோம். வேறு சேவலின் செங்கலங்கள். சுந்தரம் எல்லாக் குழாய்களையும் எனக்குத் தெரியாமல் மாற்றி அடுக்கினார். எது வாத்து, எது கோழி, எது எங்களிடம் முன்பே இருந்த, உண்மையாக எச்-5 வந்த பறவையின் இரத்தநீர் என்று அவருக்கு மட்டும் தெரியும். நான் தட்டைப் பார்த்து, பாய், பாய், பொட்டு, பாய் என்று வாசித்தேன். அவர் அடுக்கிய ஒழுங்கோடு ஒப்பிட்டார். பொட்டு விழுந்தவையெல்லாம் எச்-5 இரத்தநீர்தான், ஆகவே குப்பியில் பிழையில்லை. வாத்துகள் அத்தனையும் பாய்.

பன்னிரண்டு அடிக்க முன்பு சுந்தரம் மேலிடத்தோடு கதைத்து முடித்தார். குழு நின்றது. பண்ணைக்குப் போகக் காரில் ஏறியதும் அவர் கேட்டார்.

“ரெண்டாவது வாட்டி வேற மாதிரி வந்திருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?”

“இப்ப போற இடத்துக்குத்தான் போயிருப்பன். போனிலை சொல்லியிருக்க மாட்டன்.”

பண்ணைக் கேற்றடியில் நான் கண்ட காட்சியை இன்னொருதரம் காணப்போவதில்லை. வெளியே பட்டுச் சேலைகளும் கோட்டுகளும். ஒரு மாமா குத்துவிளக்கு அணையாமல் குடையால் மறைத்துக்கொண்டு நின்றார். டேப் ரெக்கோடரில் நாதஸ்வரம். ஈஸ்ட் ஹாம் நகைக்கடை ஆசாரி சின்ன அடுப்பை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். உள்ளே கனகு அண்ணை, பழைய கம்பளிச் சட்டையோடு, சவரம் செய்யாத முகத்தோடு. அவருக்குப் பின்னால் வாத்துகள் எல்லாம் கழுத்தை நீட்டி நாதஸ்வரத்தை அமுக்கிக் கத்திக்கொண்டிருந்தன. மகன் சுதன் பொன் நாணயத்தைக் கேற்றுக் கம்பிக்கிடையால் நீட்டிக்கொண்டிருந்தான்.

“அப்பா, ஜஸ்ட் தொட்டுக் குடுங்கோ, ப்ளீஸ்.”

“ஏலாது. என்ரை கை வாத்துப் பிடிச்ச கை.”

நான் இறங்கி ஓடினேன். “அண்ணை, ஒண்டுமில்லை. வாத்துகளுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. எப்பவோ ஒரு சின்னக் காய்ச்சல் வந்து மாறியிருக்கு, அவ்வளவுதான்.”

எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். கனகு அண்ணை மட்டும் அசையவில்லை.

“வடிவாப் பாத்தனீரோ?”

“ரெண்டுதரம் பாத்தனான்.”

மலர் அக்காவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. “முதல்தரம் பாத்த உடனை சொல்லியிருந்தால் வீட்டிலையே ஆறுதலா உருக்கியிருப்பம். இப்ப நல்ல நேரம் முடியப்போகுது.”

“அந்தப் பிள்ளையைப் பேசாதையும்” என்றார் கனகு அண்ணை. “நேற்று நான் கேக்கேக்கை தெரியாது எண்டது. இண்டைக்கு நீர் போனிலை பேசேக்கையும் தெரியாது எண்டது. அந்தப் பிள்ளை இப்ப தெரியும் எண்டு சொல்லுது. இனி நான் என்ரை மகன்ரை பொன்னைத் தொடலாம்.”

குழாயைத் திறந்து, முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினார். பிறகு கேற்றைத் திறந்து வெளியே வந்து, நாணயத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றி, மலர் அக்காவின் கையையும் சேர்த்துப் பிடித்து ஆசாரியிடம் கொடுத்தார்.